ஸ்கேன் செய்து அனுப்பினால் பவர் பத்திரம் ஆகுமா?

கம்ப்யூட்டருடன் பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்த்து வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஒரு வியாதி இருக்கும். கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் ஸ்கேன் செய்து யாருக்காவது இமெயிலில் அனுப்பத் தோன்றும். எனக்கும் இருந்தது. அதனால் என் அம்மா ஒரு நாள் பதிவு அலுவலக பெஞ்சில் இரண்டு மணி நேரம் வீணாக உட்கார்ந்திருந்தார்.

2018இல் நான் வளைகுடா நாடு ஒன்றில் வேலையில் இருந்தேன். அப்பா காலமான பின், மதுரைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டை அம்மாவுடன் இருக்கும் தம்பியின் பெயருக்கே விட்டுவிட முடிவு செய்தோம். அம்மாவும் நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவர் நடமாடும்போதே முடித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. எனவே தாய்மாமாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? பத்திர எழுத்தர் அனுப்பிய பைலை பிரிண்ட் எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்து பிடிஎப் பைலாக அனுப்பினேன். பத்து நிமிட வேலை. பெருமையாக இருந்தது. மறுநாள் மாலை மாமாவிடமிருந்து போன். "என்ன மாப்ளே, கலர்ல பிரிண்ட் எடுத்துட்டுப் போயும் ஆகாதுங்கறாரே! அம்மாவையும் ஆட்டோல கூட்டிட்டுப் போயிட்டேனே..."

சார்பதிவாளர் சொன்னது சரிதான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் கொடுக்கும் பவரைக் காட்டி இங்கே பத்திரம் பதிய வேண்டுமானால், அந்தப் பவர் அங்குள்ள நோட்டரி, நீதிபதி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி போன்ற ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாகி, அவரால் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். தூதரக அதிகாரி அங்கே நோட்டரியின் வேலையைச் செய்ய 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது. நான் வீட்டு மேஜையில், யார் முன்னிலையிலும் இல்லாமல், கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"டிஜிட்டல் கையெழுத்துக்குத்தான் சட்டம் வந்துவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முதலில், ஸ்கேன் செய்த கையெழுத்து டிஜிட்டல் கையெழுத்து அல்ல. அது வெறும் படம். அடுத்து, மின்னணுக் கையெழுத்தைச் செல்லும் என்று ஏற்ற அதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, தன் முதல் அட்டவணையில் சில ஆவணங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. உயில் அதில் ஒன்று, பவர் பத்திரம் இன்னொன்று. 2022இல் அந்த அட்டவணையைத் திருத்தியபோதும், ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்கு மட்டும்தான் கதவைத் திறந்தார்கள். மாமாவுக்குக் கொடுக்கும் பவர் இன்றும் காகிதத்தில்தான்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள், அனுப்பிய பிடிஎப்பைத் திறந்து என் கையெழுத்தை மட்டும் செலக்ட் செய்து, காப்பி செய்து, வேறு ஒரு கடிதத்தில் பேஸ்ட் செய்து பார்த்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. பவர் என்பது என் வீட்டை இன்னொருவர் கைமாற்றித் தரும் உரிமை. அதைத் தருமுன் ஒரு அதிகாரி என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்க்கட்டும் என்று சட்டம் கேட்பதில் தவறு இல்லை. இப்போது நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான்.

ஆனால் தூதரகத்திற்கு நான் இரண்டு முறை போக வேண்டி வந்ததை மட்டும் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வேலை செய்யும் நாளில் எனக்கும் வேலை. முதல் முறை அரை நாள் சம்பளம் போனது. கவுண்டரில் பேப்பரைப் பார்த்ததும் திருப்பித் தந்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருக்கிறது; பத்திரத்தில் இனிஷியல் மட்டும். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. கையெழுத்துக்கு நேரில் வா என்பது நியாயம். எழுத்துப் பிழையைச் சொல்ல நேரில் வா என்பது என்ன நியாயம்? வரைவை முன்பே இமெயிலில் வாங்கிப் பார்த்து, சரி, தவறு என்று ஒரு வரி பதில் போட்டால் போதுமே. கம்ப்யூட்டர் பயன்பட வேண்டிய இடம் அதுதான்.

அதுவரை அந்த வேலையை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். எழுத்தரின் பைல் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால் என் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தது. அந்த எழுத்துருவை வாங்கி இன்ஸ்டால் செய்தால் சரியாகும். அதைவிட, எழுத்தரிடமே பிடிஎப்பாக மாற்றித் தரச் சொல்வது நல்லது. தாளின் அளவையும் கவனியுங்கள். அவர் லீகல் அளவில் டைப் செய்திருந்தார், என் பிரிண்டரில் இருந்ததோ ஏ4. சொத்து விவரத்தில் நான்கெல்லை வரும் பக்கத்தின் கடைசி வரி தாளுக்கு வெளியே போய்விட்டது. வடக்கு எல்லை இல்லாத வீடு! பிரிண்ட் கொடுக்கும் முன் பிரிண்ட் ப்ரிவியூவில் ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் பாருங்கள். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, பட்டாவில் உள்ள பெயரும் இவரும் ஒருவரே என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சர்வே எண்ணைப் பழைய பத்திரத்தின் ஸ்கேன் காப்பியோடு ஒப்பிடுங்கள், ஸ்கேனர் இதற்குத்தான். கடையில் பிரிண்ட் எடுத்தால், அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பாஸ்போர்ட் பைலை விட்டுவிட்டு வராதீர்கள்.

கையெழுத்து மட்டும் வேண்டாம். அதை அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். சாட்சி, போட்டோ, கட்டணம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் போகும் முன் அந்தத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியா 2005 முதல் அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளில் உள்ளவர்களுக்கு உள்ளூர் நோட்டரி, அப்போஸ்தில் முத்திரை என்று இன்னொரு வழியும் உண்டு. நான் இருந்த நாடு சேரவில்லை.

இரண்டாவது முறை எல்லாம் அரை மணியில் முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. அசலை கூரியரில் அனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சியாக கூரியர் கவரையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன். மாமா மதுரையில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திற்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

மறுபடி அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் முறைக்கும் இதற்கும் இடையில் ஐந்து வாரம். அவரால் பேனாவைப் பிடிக்க முடிந்தது. பதிவான பத்திரத்தை தம்பி அன்றிரவே ஸ்கேன் செய்து எனக்கு இமெயிலில் அனுப்பினான்.