நலம் விசாரிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?



நமது மஹல்லாவில் ஒருவர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார் என்ற செய்தி பரவியவுடன், முதல் வாரத்தில் நாம் காட்டும் அக்கறையில் குறை சொல்ல இயலாது. ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யப்படுகிறது. ஜும்ஆவுக்குப் பின் மருத்துவச் செலவுக்கு வசூல் நடைபெறுகிறது. பழங்களுடன் சென்று பார்க்கிறோம், துஆ செய்கிறோம், திரும்புகிறோம். நோயாளி வீட்டுக்கு வந்த பிறகு வருகை குறைகிறது. மூன்றாவது மாதத்தில் அந்த வீட்டின் கதவைத் தட்டுவோர் அரிது. ஆனால், அக்குடும்பத்தின் உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ ஏற்படுவதே இப்பாதிப்பு. உயிர் பிழைத்தவரின் ஒரு பக்கக் கையும் காலும் செயலிழக்கலாம். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு வலது கை, காலுடன் பேச்சும் தடைபடுகிறது. சொல்ல நினைப்பது உள்ளத்தில் இருக்கும், வார்த்தை வராது. இழந்த இயக்கத்தின் பெரும்பகுதி மீள்வது முதல் சில மாதங்களில்தான். பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் நாம் அவரைத் தனியே விட்டுவிடுகிறோம்.

உடல் பாதிப்பு மட்டுமே இங்கு பிரச்சினை அன்று. தினக்கூலியில் ஓடிய குடும்பத்தில் கூலி நின்றுவிடுகிறது. வாடகை பாக்கியாகிறது. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்த பிறகு வாங்காமல் விடப்படுகிறது. அடுத்த தாக்குதலுக்கு அதுவே வழி திறக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. நம் வீடுகளிலோ அதைப் பிடிவாதம் என்றும், ஈமானின் பலவீனம் என்றும் பெயரிட்டுவிடுகிறோம். மதரஸாவுக்கு வருவதை நிறுத்திவிட்ட மாணவியைப் பற்றி விசாரித்தால், பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் வேறு ஆளில்லை என்ற பதில் கிடைப்பதுண்டு. நோய் ஒருவருக்கு, அதன் சுமை மனைவிக்கும் மகளுக்கும்.

‘பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை. இதில் ஜமாஅத்துக்கு என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். குடும்பத்தின் கடமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால், குடும்பத்தால் மட்டும் இதைச் செய்து முடிக்க இயலுமா என்பதே கேள்வி. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் முறை கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களிடையே இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை. அன்பு குறைந்ததால் அப்படி ஆனது என்று நான் கருதவில்லை. ஏற்கெனவே தளர்ந்த தோள்களில் இன்னொரு பொறுப்பும் ஏற்றப்பட்டது என்றே கருதுகிறேன். மாறாக, மேலை நாடுகளில் மருத்துவர், செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே குழுவாக இணைந்து வீடு தேடிச் சென்ற இடங்களில், குறிப்பாக மிதமான பாதிப்புள்ளவர்களிடம், நல்ல பலன் கண்டுள்ளனர்.

அத்தகைய முழுமையான குழுவை நமது மஹல்லா தனியே அமைத்துவிட முடியாது. ஆனால், அதன் பாதியளவு நம் வாசலிலேயே இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளுடன் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. மீதிப் பாதிக்கு அண்டை மாநிலம் வழிகாட்டுகிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தின் ஊர்களில் சாதாரண மக்களின் இயக்கமாக வளர்ந்தது. வியாபாரிகளும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் பயிற்சி பெற்று, மருத்துவருடனும் செவிலியருடனும் இணைந்து, படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். நோயாளியின் மருந்தோடு அவ்வீட்டின் அரிசியையும் பிள்ளைகளின் படிப்பையும் அவர்கள் விசாரிக்கின்றனர்.

நாமும் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழுவை அமைப்போம். ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துடன் தொடர்பு கொண்டு, நோயாளியின் பெயரை அத்திட்டத்தின் பட்டியலில் சேர்க்கட்டும். ஒருவர் மாத்திரை தீரும் நாளைக் குறித்து வைக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனத்துக்குச் சான்றிதழ் பெற்றால் அரசின் உதவிகளைக் கோர வழியுண்டு. அதற்காக ஒருவர் அலுவலகம் ஏறி இறங்கட்டும். மற்றவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் அமரட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவருடைய மனைவி உறங்கலாம்.

செல்பவர்கள் முதலில் செவிலியரிடம் சிலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகக்கூடும். படுத்த நிலையில் உணவோ நீரோ ஊட்டினால் மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும். பேச இயலாதவரிடம் உரக்கக் கத்த வேண்டியதில்லை. சிறு சிறு கேள்விகளாகக் கேட்டு, தலையசைப்புக்குக் காத்திருந்தால் போதும்.

இக்குழுவில் பெண்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும். நோயுற்ற ஒரு தாயின் உடல் தேவைகளை அந்நிய ஆண்கள் கவனிக்க இயலாது. பராமரிக்கும் பெண்ணும் தன் மனக்குறையை இன்னொரு பெண்ணிடமே திறந்து பேசுவாள். ஆண்கள் மட்டுமே கூடி முடிவெடுக்கும் ஜமாஅத்துகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆலிம்களுக்கும் இதில் தனிப் பங்கு உண்டு. சிறுநீர் கட்டுப்படவில்லை, ஆடை சுத்தமில்லை என்ற வெட்கத்தால் தொழுகையையே கைவிட்டு உள்ளுக்குள் புழுங்கும் நோயாளிகள் பலர். நிற்க முடியாதவர் அமர்ந்தும், அமர முடியாதவர் படுத்தும், அதற்கும் இயலாதவர் சைகையாலும் தொழலாம். தண்ணீர் பயன்படுத்த முடியாதவருக்குத் தயம்மும் உண்டு. சிறுநீர் கட்டுப்படாதவருக்கும் மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. இவற்றை மிம்பரில் சொல்வதைவிட அவருடைய கட்டிலருகே அமர்ந்து சொல்வது மேலானது.

பைத்துல்மாலில் பணமில்லை என்பது முழுமையான பதிலாகாது. மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை கேட்பது நேரத்தைத்தான். வருமானம் இழந்து வறுமையுற்ற குடும்பமோ ஜகாத் பெறத் தகுதியுடையது.

நோயாளியை நலம் விசாரிப்பதை ஃபர்ளு கிஃபாயா என்று மார்க்க அறிஞர்களில் ஒரு சாரார் கூறுகின்றனர். சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதும் கடமை நீங்கும். எவரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஒரு ஜனாஸா என்றால் குளிப்பாட்டுவது யார், கஃபன் கொண்டு வருவது யார், கப்ர் தோண்டுவது யார் என்று நம் ஊர்களில் எவரும் தடுமாறுவதில்லை. இறந்தவருக்காக இவ்வளவு ஒழுங்குடன் செயல்படும் நாம், உயிருடன் படுத்திருப்பவருக்காகவும் அதே ஒழுங்கை ஏற்படுத்த வேண்டும். வரும் ஜும்ஆவுக்குப் பின் நமது மஹல்லாவில் பக்கவாதத்தால் வீட்டோடு முடங்கியிருப்போர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியலாவது எழுதத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.