கிளச்சைப் பிடிப்பதா, விடுவதா?

தியத்தலாவை பொக்ஸ் ஹில் ரேஸ் வீடியோக்கள் போனில் சுற்றத் தொடங்கினால் எங்கள் ஊர்த் தம்பிமாரிடம் ஒரு வாதமும் கிளம்பிவிடும். "ரேஸ்காரன் கிளச்சே பிடிக்கிறதில்ல, நாங்க மட்டும் ஏன் பிடிக்கணும்?" சாதாரண தரம் எழுதி முடித்த பிள்ளைகள் முதல் கல்யாணம் முடித்தவர்கள் வரை கேட்கிறார்கள். நாளாந்தம் பைக்கில் மலை ஏறி இறங்கிப் படிப்பிக்கப் போகிறவர்கள் நாங்கள். எங்கள் கருத்தையும் சொல்லிவைக்கிறோம்.

முதலில் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது பொய் இல்லை. கியர் பெட்டிக்குள் பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியபடிதான் சுற்றுகின்றன. நாம் காலால் தட்டும்போது அவற்றின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த பற்கள் நகர்ந்து, அடுத்த சில்லின் குழிக்குள் போய்க் கொளுவுகின்றன. எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பற்கள் இறுகி நிற்கும், கழலாது. அக்சலேட்டரை ஒரு கணம் தளர்த்தினால் இறுக்கம் போய்விடும். அந்த நொடியில் தட்டினால் கிளச் இல்லாமலே மேல் கியர் விழும். மேல் கியருக்குத்தான் இந்தக் கதை. கீழே இறக்கும்போது ரேஸ்காரர்களிலும் பலர் கிளச்சைத் தொடுகிறார்கள். (சாலியும் ஹொண்டா கப்பும் ஓட்டுகிற பெரியவர்களை உதாரணம் காட்ட வேண்டாம். அவற்றில் கியர் பெடலை மிதிக்கும்போதே உள்ளே கிளச் தானாக விலகுகிறது.)

ஆனால் ரேஸ் பைக்கின் எஞ்சினை அடிக்கடி கழற்றிப் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுகிறார்கள். எங்கள் பைக்கோ லீசிங் கட்டி முடியும்வரை எங்களுக்கு, பிறகு தம்பிக்கு, பிறகு மச்சானுக்கு என்று ஓட வேண்டியது. கிளச் பிளேட் தேய்வதற்காகவே செய்யப்பட்ட சாமான். பக்கத்து மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். நேரம் தப்பித் தட்டித் தட்டி அந்தப் பற்களின் விளிம்பு மழுங்கினால், எஞ்சினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால், பசறை ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது கியர் தானாகக் கழன்று எஞ்சின் வெறுமனே அலறும். பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, அதற்குப் பின்னால் கொழுந்து லொறி.

இதைவிட எங்களுக்குப் பயம் தருவது வேறொன்று. கிளச் பிடிக்காதவர்களை அல்ல, பிடித்த கிளச்சை விடாதவர்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். இறக்கம் வந்ததும் இடது கையால் கிளச்சை அழுத்திக்கொண்டு, அல்லது நியூட்ரலில் போட்டுக்கொண்டு, சில பேர் எஞ்சினையும் நிறுத்திவிட்டு, அப்படியே உருண்டு போகிறார்கள். 2022இல் வரிசையில் நின்று, கியூஆர் கோட்டுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கிய காலத்தில் இது கூடியது. பெற்றோல் வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இதில் பெரிய மிச்சமும் இல்லை. இன்ஜெக்ஷன் உள்ள புதிய பைக்குகள் பலவற்றில், கியரில் இருந்தபடி அக்சலேட்டரை முழுதாக விட்டு இறங்கும்போது பெற்றோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் உருண்டால்தான் எஞ்சினைச் சுற்றவைக்கப் பெற்றோல் தேவை.

கிளச் அழுந்தியிருந்தால் எஞ்சினுக்கும் பின் சில்லுக்கும் தொடர்பு இல்லை. முழுப் பாரமும் பிறேக்கின் தலையில். எல்லவிலிருந்து வெல்லவாய போவதற்குள் ஏறக்குறைய 800 மீற்றர் கீழே இறங்குகிறோம். அவ்வளவு தூரமும் பிறேக்கை மட்டும் அழுத்தினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு அதே வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். காரணம் பேச நாங்கள் வரவில்லை, அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறோம். பொக்ஸ் ஹில்லிலேயே, ஒழுங்கு செய்து நடத்திய ரேஸில், 2024 ஏப்ரல் 21ஆம் திகதி கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் போனார்கள். எங்கள் தோட்டத்து ரோட்டில் கொடி காட்டுகிறவரும் இல்லை, பக்கத்தில் அம்புலன்ஸும் இல்லை.

எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய லொறி டிரைவர்மார் சொல்வார்கள். பைக்குக்கும் அதுதான் கணக்கு. வளைவுக்கு முன்னாலேயே கிளச்சைப் பிடித்து ஒரு கியர் குறைத்து, அக்சலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளச்சை மெதுவாக விட வேண்டும். மழை நாளில் படாரென்று விட்டால் பின் சில்லு இழுபட்டு வழுக்கும். பாசி பிடித்த கொங்கிரீட் ரோட்டில் இன்னும் மோசம்.

இன்னொன்று, கார் எஞ்சின் ஒயிலை மலிவு என்று பைக்குக்கு ஊற்றாதீர்கள். பைக்கின் கிளச் பிளேட்டுகள் பெரும்பாலும் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே கிடக்கின்றன. கார் ஒயிலில் வழுக்கலுக்குச் சேர்ப்பது அவற்றையும் வழுக்கச் செய்யும். போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வாப்பாமாருக்கு ஒரு வேலை. இந்த லீவில் மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நீங்களும் பின்னால் ஏறுங்கள். தெமோதரையிலிருந்து பதுளைக்கு இறங்கும்வரை வாய் திறக்க வேண்டாம். அவனுடைய இடது கை விரல்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.