பிள்ளைகள் கையில் கம்ப்யூட்டர்: ஆடவா, ஆணையிடவா?

 

நம் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் செல்போனைத் திறக்கிறான். எட்டு வயதில் விளையாட்டுகளைத் தானே இறக்கிக் கொள்கிறான். "எனக்கே சொல்லித் தருகிறான்" என்று நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் அவன் செய்வது என்ன? வேறு எவரோ எழுதி வைத்த கட்டளைக்கு அவன் விரல் ஆடுகிறது, அவ்வளவுதான்! கடைக்கு வந்து பொருள் வாங்குபவன் வேறு, கடை வைத்திருப்பவன் வேறு. இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

கம்ப்யூட்டருக்குத் தானே கட்டளை எழுதவும், கணக்கு விவரங்களைத் திரட்டி அலசவும் மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுத் தர வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

இது புதிய மோகமா?

இல்லை. 1967-லேயே அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் சிறுவர்களுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 'முன்னே 100, வலப்பக்கம் 90' என்று பிள்ளை தட்டச்சு செய்தால் திரையில் ஓர் 'ஆமை' நகர்ந்து கோடு போடும். அதையே நான்கு முறை சொன்னால் சதுரம்! 1991-ல் வெளிவந்த 'பைத்தான்' மொழியிலும் இந்த ஆமை இருக்கிறது. அது இலவசம். ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் கூடத் தேவையில்லை.

சதுரம் போட்ட பிள்ளையிடம் சமபக்க முக்கோணம் போடச் சொல்லுங்கள். முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்திருப்பான். 60 என்றே எழுதுவான். ஆமை எங்கோ போய்விடும்! யோசிப்பான், மாற்றுவான், மறுபடி ஓட்டுவான். திரும்ப வேண்டியது 60 அல்ல, 120 என்று தானே கண்டுபிடிப்பான். அடிக்காமல், திட்டாமல், தவறிலிருந்தே பாடம் புகட்டும் வாத்தியார் வேறு யார் இருக்கிறார்?

2007-ல் வந்த 'ஸ்கிராட்ச்' போன்றவற்றில் வண்ணக் கட்டங்களை இழுத்து அடுக்கினால் போதும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது. எழுத்தால் எழுதும்போதுதான் ஒரு புள்ளி, ஓர் அடைப்புக்குறி தவறினாலும் வேலை நிற்கும் என்பது புரிகிறது. அந்த நிதானம் கணக்குப் பேரேடு எழுதும் கைக்கு எவ்வளவு அவசியம் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலிருந்தே இது பள்ளிப் பாடம். அங்கேயும் எழுத்து மொழி கட்டாயமாவது 11 வயதுக்கு மேல்தான். நம் நாட்டின் 2020 கல்விக் கொள்கையோ ஆறாம் வகுப்பிலிருந்துதான் இதைப் பேசுகிறது. எட்டு, ஒன்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாறு கட்டளைச் சொற்கள் பெரிய பாரமா? ஆங்கிலம் தடை என்பீர்களானால், தமிழிலேயே எழுத 'எழில்' என்ற கணினி மொழி இருக்கிறது. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிக்கும்!

கடைக் கணக்கே பாடப்புத்தகம்

நம் மாநிலக் கணிதப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு உயிர் கொடுக்க வணிகர் வீட்டை விடச் சிறந்த இடம் எது?

ஓர் உணவுக்கடையில் ஒரு வாரம் விற்ற பிரியாணிப் பொட்டலங்கள் இவை என்று வைத்துக் கொள்வோம்: திங்கள் 40, செவ்வாய் 35, புதன் 38, வியாழன் 42, வெள்ளி 75, சனி 50, ஞாயிறு 70. பிள்ளை இதைப் பட்டியலாகத் தட்டச்சு செய்து, கூட்டவும் ஏழால் வகுக்கவும் கட்டளை எழுதுகிறான். மொத்தம் 350, சராசரி 50.

இனிமேல்தான் உண்மையான பாடம்! "சராசரி 50 என்பதால் வெள்ளிக்கிழமையும் 50 போட்டால் போதுமா?" என்று கேளுங்கள். ஜும்ஆ முடிந்து வருபவர்களில் 25 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்று பிள்ளையே சொல்வான். 40 என்பதற்குப் பதில் 400 என்று ஒரு நாள் தவறாகப் பதிந்தால் சராசரி 101-ஐத் தாண்டிவிடும் என்பதையும் காண்பான். கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல, போட்டதைத்தான் அது திருப்பித் தரும் என்ற எச்சரிக்கை அந்த வயதிலேயே மனதில் பதியும்.

ஒன்றில் கவனம் தேவை. கடன் வாங்கியவர் பெயரையும் வாடிக்கையாளர் போன் நம்பரையும் பிள்ளையின் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். அது நம்மிடம் உள்ள அமானிதம்.

"அதைத்தான் மெஷினே எழுதுகிறதே!"

இன்று செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறது, பிள்ளை எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்கலாம். கணக்குப்பிள்ளை எழுதிய பேரேட்டைப் படிக்கத் தெரியாத முதலாளியின் கதி என்ன ஆகும்? எழுதித் தருபவர் இருக்கும்போதுதான் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்!

இன்னொரு பக்கம், வியாபாரிகள் கிளம்பியிருக்கிறார்கள். 2020 ஊரடங்கு நேரத்தில், கோடிங் படித்த சிறுவர்கள் கோடி கோடியாய்ச் சம்பாதிப்பார்கள் என்று ஆசை காட்டிய விளம்பரங்களை நாம் பார்த்தோம். புகார்கள் போன பின் சில திரும்பப் பெறப்பட்டன. ஏமாறாதீர்கள்! பத்து வயதுப் பிள்ளையை இன்ஜினீயர் ஆக்குவதல்ல நோக்கம். ஒழுங்காகச் சிந்திக்கப் பழக்குவதே நோக்கம்.

என்ன செய்யலாம்?

2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் சில வீடுகளில் இன்னும் தூங்குகின்றன. அவற்றில் ஓடக்கூடியவற்றைத் திரட்டுங்கள். ஊரில் உள்ள ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் போதும். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள்: ஒருவர் எழுத, மற்றவர் பிழை பார்க்கட்டும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் இளைஞர்களே, அந்த ஒரு மணி நேரத்தைத் தாருங்கள்! வணிகர்களே, மின் கட்டணத்தையும் பழுதுபார்க்கும் செலவையும் ஏற்றுக் கொள்ளுங்கள்! ஆண் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் அதே இடத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள்!

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்காரிதம்' என்ற சொல்லே பிறந்தது. பாகப்பிரிவினைக்கும் வியாபாரத்துக்கும் பயன்படும் கணக்குகளுக்காகவே அவர் அல்ஜீப்ரா நூலை எழுதினார். அந்தப் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. நம் பிள்ளை நான்கு வரி எழுதி, பிழை திருத்தி ஓட்டிக் காட்டும் நாளே அந்தப் பெருமைக்கு நாம் தகுதியாகும் நாள்.

வரும் சனிக்கிழமையே தொடங்கினால் என்ன?