காஞ்சிப் பட்டுல நெய்தவர் பேர் எங்கே? 'மகிழ்ச்சி' ஆல்பம் எழுப்புற கேள்வி!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல நடந்திருக்கீங்களா? வீட்டுக்குள்ள ஓடுற தறிச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். ஆனா, அந்தத் தறியில நெய்த கல்யாணப் புடவை உங்க கைக்கு வரும்போது பெட்டி மேல கடை பேர்தான் இருக்கும். புவிசார் குறியீடு கிடைச்சதால ஊர் பேருக்குப் பாதுகாப்பு இருக்கு. நெய்தவர் பேரை யாரும் கேட்கிறதில்லை.

நம்ம ப்ளேலிஸ்ட்லயும் இதே பிரச்னை இருக்கு.

கானாவை எடுத்துக்கோங்க. வடசென்னையில சாவு வீட்டுல ராத்திரி முழுக்கப் பாடின பாட்டு அது. சினிமாவுக்கு வந்ததும் ஹீரோ ஆடுற பாட்டா மாறுச்சு. மெட்டு ஊரெல்லாம் ஹிட். அதைக் காப்பாத்தி வெச்சிருந்த தெருக்காரங்க பேர் பலருக்கும் தெரியாது.

இந்த இடத்துலதான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முக்கியமாகுது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-ல் உருவாக்கின பேண்ட். அயோத்திதாசப் பண்டிதரோட 'சாதியற்ற தமிழர்' சிந்தனையில இருந்து எடுத்த பேர். 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்துல 19 பேர் கோட் சூட்ல மேடை ஏறினாங்க. ராக் கிடார், ராப், பறை, கானா எல்லாம் ஒரே மேடையில! அதே வருஷம் முதல் ஆல்பம், 'மகிழ்ச்சி'. ஆமா, 'கபாலி'யில ரஜினி சொன்ன அதே வார்த்தைதான். இடஒதுக்கீடு, மாட்டுக்கறினு வீட்டு ஹால்ல பேசத் தயங்குற விஷயங்களை எல்லாம் இவங்க பாட்டாக்கினாங்க.

அமெரிக்காவுலயும் இப்படி ஒரு முதல் ஆல்பம் உண்டு. 'அங்கிள் டுபெலோ'ங்கிற ராக் பேண்ட் 1990-ல் வெளியிட்ட 'நோ டிப்ரஷன்'. கார்ட்டர் ஃபேமிலி 1930-கள்ல பாடின கன்ட்ரி பாட்டை எடுத்து, அதையே ஆல்பத்துக்கும் தலைப்பாக்கினாங்க. 'ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி'ங்கிற வகைக்கு இதைத்தான் பலரும் தொடக்கமா சொல்றாங்க. ஆனா ஒரு வித்தியாசம். அங்கே ராக் பசங்க பழைய பாட்டைத் தேடிப் போனாங்க. இங்கே கானா பாடுறவங்களே பேண்டுக்குள்ள வந்து, தங்களோட பேர்லயே பாடுறாங்க.

அதுக்கான விலையும் சின்னது இல்லை. காஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற அரக்கோணத்துக்காரர் அறிவு, இந்த பேண்ட்ல இருந்து வந்தவர். 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயோட சேர்ந்து பாடினார். அந்த வெற்றியை ஒட்டி 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' போட்ட அட்டைப்படத்துல அவர் இல்லை. இரஞ்சித் உட்பட பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியா டிஜிட்டல் அட்டை வந்துச்சு. கானா பாடகி இசைவாணியை 2020-ல் பிபிசி 100 பெண்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. பெண்களோட கோயில் நுழைவைப் பற்றி அவர் பாடின பழைய பாட்டு ஒண்ணுக்காக 2024-ல் புகார்களும் மிரட்டல்களும் வந்துச்சு.

பேர் வெளியே வராட்டி அங்கீகாரம் கிடைக்காது. வந்தா, மிரட்டல் அந்தப் பேரைத் தேடி வருது. ரெண்டுக்கும் நடுவுலதான் இவங்க பாடிட்டு இருக்காங்க.

இன்னிக்கு பஸ்ல போறப்போ 'மகிழ்ச்சி'யைக் கேளுங்க. பிடிச்சிருந்தா ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யார் எழுதினது, யார் பாடினது, யார் பறை அடிச்சதுனு தேடிப் பாருங்க. அந்தப் பேர்களையும் சேர்த்து ஷேர் பண்ணுங்க. அடுத்த தடவை பட்டு எடுக்க காஞ்சிபுரம் போனா, கடையிலயும் கேளுங்க: "இதை நெய்தது யாருங்க?"