பந்துக்கு விலை கேட்டால் பேராசையா?

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் பிள்ளைகள் தெருவில் ஆடும் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம். சேப்பாக்கத்தில் சிக்ஸர் அடித்த பந்து நம் மடியிலேயே வந்து விழுந்தாலும் திருப்பி எறிந்துவிட வேண்டும். அமெரிக்காவில் கூட்டத்துக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்குச் சொந்தம். வெகுகாலமாக அங்கே அதுதான் வழக்கம்.

வழக்கம் இப்படியிருக்க, பேர்போன ஆட்டக்காரர் அடித்த சரித்திரப் பந்தைப் பிடித்தவர், “திருப்பித் தருகிறேன், என்ன கொடுப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டால் போதும், பேராசைக்காரன், விசுவாசமில்லாதவன் என்று கூப்பாடு கிளம்பிவிடுகிறது. இந்தக் கதை பிள்ளையார்பாளையம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. “ரசிகன் என்றால் சும்மா கொடுக்க வேண்டாமா?” என்று தறிக்காரத் தோழர் ஒருவரே கேட்டார். முதலாளி கேட்டிருந்தால் விட்டுவிடலாம். நம் தோழர் கேட்டார், ஆகவே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2024 ஏப்ரல் 3-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் என்ன நடந்தது? அங்கே டாட்ஜர்ஸ் என்று ஒரு பெரிய கிளப். ஜப்பானிய ஆட்டக்காரர் ஷோஹெய் ஒதானியை 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்து எடுத்திருந்தார்கள். அந்தக் கிளப்புக்காக அவர் முதன்முதலில் எல்லை தாண்டி அடித்த பந்து ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. காவலாட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூட வந்த கணவரை ஒதுக்கி நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியே பேரம் பேசினார்கள். கொடுக்க முன்வந்தது என்ன? கையெழுத்துப் போட்ட இரண்டு தொப்பி! கடைசியில் ஒரு மட்டையும் ஒரு பந்தும் சேர்த்துக் கொடுத்தார்களாம். ஏலக் கம்பெனிக்காரர் அந்தப் பந்துக்குச் சொன்ன மதிப்போ ஒரு லட்சம் டாலருக்குக் குறையாது. இவ்வளவும் அந்தத் தம்பதியே பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன விவரம்.

ஒரு மிரட்டலும் இருந்தது. பந்தை வீட்டுக்கு எடுத்துப் போனால், இதுதான் ஒதானி அடித்த அசல் பந்து என்று நாங்கள் முத்திரை தர மாட்டோம் என்றார்களாம். முத்திரை இல்லாவிட்டால் அது என்ன? கொஞ்சம் தோல், கொஞ்சம் நூல். கடையில் கிடைக்கும் பந்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பந்து ரசிகர் கையில். பந்தின் விலையோ கிளப்பின் கையில்!

காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனியார் முதலாளியிடம் பாவும் பட்டும் ஜரிகையும் வாங்கி வருகிறார். கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, அல்லது பிள்ளை. நாள் கணக்கில் உழைத்து, புடவையை மடித்துக்கொண்டு போகிறார். அங்கே விரித்துப் பார்க்கிறவர் முதலாளி. இங்கே இழை விட்டிருக்கிறது, அங்கே கரை கோணல் என்று சொல்கிறவரும் அவரே, கூலியில் பிடிக்கிறவரும் அவரே. நெசவாளி தனி ஆளாக நிற்கிறார், முன்பணக் கடன் வேறு கழுத்தில். காஞ்சிபுரம் பட்டு என்ற பேருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் புடவைப் பெட்டியில் அச்சாகும் பேர் கடைக்காரர் பேர். நெய்தவர் பேர் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

ஆளைத் தனியே பிரித்துப் பேரம் பேசுவது பழைய தந்திரம். 2024 செப்டம்பரில் நம் மாவட்டத்திலேயே பார்த்தோம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் 9-ந் தேதி தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, முதல் கோரிக்கை என்ன? எங்கள் சங்கத்தோடு பேசு என்பதுதான். 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவு செய்து காட்டினார்கள். அந்த அமெரிக்கப் பெண்மணிக்கு இப்படி ஒரு சங்கம் பக்கத்தில் இல்லை.

சரி, தோழரே, சும்மா கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் நம் தேசத்திலேயே அத்தாட்சி உண்டு.

ஹாக்கி வீரர் பல்பீர் சிங். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1952 இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட 6 கோலில் 5 கோல் அவருடையது. 1985-ல் தம்முடைய மெல்போர்ன் ஒலிம்பிக் கோட்டு, 36 பதக்கங்கள், நூற்றுக்கு மேற்பட்ட போட்டோக்கள் அத்தனையையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். ஒரு காசு கேட்கவில்லை. அருங்காட்சியகத்தில் வைத்தால் ஜனங்கள் பார்ப்பார்களே என்ற எண்ணம். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் கண்காட்சிக்கு அந்தக் கோட்டு வேண்டுமென்று கேட்டபோது, எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது! 2020-ல் அவர் கண்ணை மூடும் வரை அவை திரும்பி வரவில்லை. பேராசை என்று கூப்பாடு போடும் கனவான்கள் இதற்கு என்ன பேர் வைப்பார்கள்?

இன்னொருவர் மல்யுத்த வீரர் காஷாபா ஜாதவ். மகாராஷ்டிரத்தில் சதாரா ஜில்லா, கோலேஷ்வர் கிராமம். 1952-ல் ஹெல்சிங்கி போகக் காசில்லை. கிராமத்து ஜனங்கள் வசூல் செய்து கொடுத்தார்கள். அவர் படித்த கோலாப்பூர் கல்லூரியின் பிரின்சிபால் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒரு வீரர் வாங்கிவந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நூறு மாட்டுவண்டிக்கு மேல் கட்டி ஊர் அவரை அழைத்துப் போனது. அவர் செய்த முதல் காரியம், குஸ்திப் போட்டிகள் நடத்திப் பணம் சேர்த்துப் பிரின்சிபால் வீட்டை மீட்டுக் கொடுத்ததுதான். 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அவர் பேரில் கிராமத்தில் குஸ்திப் பள்ளி கட்டுவோம் என்றது சர்க்கார். வருஷங்கள் போயின, பள்ளி வரவில்லை. 2017-ல் குடும்பத்தார் சொன்னார்கள்: பதக்கத்தை ஏலம் போட்டாவது பள்ளியைக் கட்டுவோம். உடனே தேச கௌரவத்தை விற்பதா என்று சிலருக்கு மனம் பதைத்தது. வாக்குறுதி காற்றில் போனபோது அந்த மனம் எங்கே போயிருந்தது?

ஏலம் நல்லது என்று நான் சொல்லவில்லை. அதே ஒதானி 2024 செப்டம்பர் 19-ல் அடித்த ஐம்பதாவது பந்து ஏலத்தில் 43,92,000 டாலருக்குப் போனது. வாங்கியது தைவான் நிதிக் கம்பெனி ஒன்று. பந்து யாருடையது என்று கோர்ட்டில் வழக்கு வேறு. சரித்திரம் பணக்காரன் கைக்குப் போவதில் நமக்கு என்ன லாபம்? 1961-ல் ரோஜர் மாரிஸ் அடித்த பந்தைப் பிடித்த 19 வயது லாரி டிரைவர் அதைச் சும்மா கொடுக்கத்தான் போனார். மாரிஸ் வாங்கவில்லை. நீயே வைத்துக்கொள், காசாக்கிக்கொள் என்றார். டிரைவருக்கு 5,000 டாலர் கிடைத்தது. மாரிஸும் கூலி வாங்கி ஆடியவர். அவருக்குப் புரிந்தது கிளப் முதலாளிகளுக்குப் புரிவதில்லை.

இது ஆட்டக்காரர் சங்கதி என்று விட்டுவிடாதீர்கள். நம் வீட்டுப் பெட்டியிலும் பாட்டன் நெய்த மாதிரிப் புடவை இருக்கும், பழைய டிசைன் அட்டை இருக்கும். இன்று தெருவில் வருகிற பழம் புடவை வியாபாரி ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக எடை போட்டு வாங்கி உருக்குகிறான். நாளைக்கு அருங்காட்சியகம் என்று சொல்லிக்கொண்டும் யாராவது வருவார்கள். தனியாகப் பேசாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். சாமான் பட்டியல் இரண்டு பிரதி, ரசீது, நியாயமான தொகை, நெய்தவர் பேர் எழுதிய பலகை, பார்க்கப் போகும் குடும்பத்துக்குக் கட்டணமில்லாத அனுமதி, பராமரிக்க முடியாவிட்டால் திருப்பித் தரும் ஷரத்து. இத்தனையும் கையெழுத்தான பிறகு பெட்டியைத் திறந்தால் போதும்.