மார்பில் எழுதிய விசுவாசம்

கிறித்தவ வாசகங்கள் பொறித்த சட்டைகளைப் பற்றி எழுதப் புகுந்தால் இரு சாராரின் சினத்திற்கு ஆளாக நேரும் என்பதை அறிவோம். 'சட்டையிலும் கூடவா சமயம்' என்று முகஞ்சுளிக்கும் நவீனர்கள் ஒருபுறம். 'இது சாட்சி பகர்தல், குறைகாண நீங்கள் யார்' என்று வெகுண்டெழும் இளைஞர் ஐக்கியத்தார் மறுபுறம். முன்னவர்க்கு முதலில் விடை சொல்லி முடிப்போம். அவர்தம் வாதம் எளிதில் சரிவது.

உடுப்பில் சமயம் நமக்குப் புதிதன்று. 1606-இல் மதுரை வந்து சேர்ந்த தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். பூணூல், சந்தனம் ஆகியவற்றோடு பிணைந்து எழுந்த அவ்வழக்கு உரோமாபுரி வரை சென்று, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணை வந்த பின்னரே தணிந்தது. அதனினும் கொடிது தென் திருவிதாங்கூரில் நிகழ்ந்தது. கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயமும் தோள்சீலையும் அணிந்த ஒரே குற்றத்திற்காகச் சந்தைவெளிகளில் அவர்தம் ஆடைகள் கிழிக்கப்பட்டன. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. அரை நூற்றாண்டுப் பூசலுக்குப் பின் 1859 ஜூலை 26-இல் அரசு அறிவிப்பு வந்தது. அதிலும், மேற்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்றொரு நிபந்தனை! அம்மக்களின் பெயரர்களிடம் சென்று 'சட்டையில் என்ன இருக்கிறது' என்று கேட்க நமக்கு நா எழவில்லை.

ஆகவே நம் வழக்கு அணிவதன் மீதன்று, வாங்குவதன் மீது.

இச்சட்டைகள் வணிகமாகத் தழைத்த இடம் அமெரிக்கா. அங்கே விற்பனையான ஒரு வகையைக் கண்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புகழ்பெற்ற வணிகச் சின்னங்களின் எழுத்துருவை அப்படியே எடுத்துக்கொண்டு, சொல்லை மட்டும் மாற்றிவிடுவது. 'அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச்' என்னும் ஆடை நிறுவனத்தின் பெயர் 'எ பிரெட்க்ரம்ப் அண்ட் ஃபிஷ்' ஆயிற்று. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேரின் பசியாற்றிய அற்புதம் ஒரு சொல்விளையாட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. குளிர்பானத்தின் வளைந்த சிவப்பெழுத்தில் இயேசுவின் பெயரை எழுதினால், பார்ப்பவன் நினைவுக்கு முதலில் வருவது தாகந்தீர்க்கும் புட்டியேயன்றித் தச்சன் மகன் அல்லன். இரவல் வாங்கிய புகழில் நிற்கும் சாட்சியம் யாருக்குச் சாட்சியம்?

இதைவிடத் துயரமானது 'இயேசு என்ன செய்வார்' என்னும் கேள்விக்கு நேர்ந்த கதி. கன்சாஸ் மாநிலத்துப் போதகர் சார்லஸ் ஷெல்டன் 1896-இல் எழுதிய புதினத்தில் அக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்பவர்கள் யாவர்? குத்துச்சண்டைச் செய்தியை அச்சிட்டால் இதழ் விற்கும் என்று தெரிந்தும் மறுக்கும் பத்திரிகை ஆசிரியர் ஒருவர். தம் நிறுவனத்தின் சட்டமீறலைக் கண்டுகொண்டு வேலையையே உதறும் இரயில்வே அதிகாரி ஒருவர். வருமானத்தின் கழுத்தில் கத்திவைத்த கேள்வி அது. 1989-இல் மிச்சிகன் மாநிலத்தில் இளைஞர் குழுவொன்றுக்காக அதன் முதலெழுத்துகள் கைப்பட்டையில் நெய்யப்பட்டன. நல்ல நோக்கந்தான். ஆனால் தொண்ணூறுகளில் அது சந்தையைப் பிடித்து, சட்டைக்கும் தொப்பிக்கும் சாவிக்கொத்துக்கும் பரவியது. வணிகனைத் தூங்கவிடாத கேள்வியை வணிகனே விற்கத் தொடங்கினால் அது கேள்வியாக நீடிக்குமா?

இந்தக் கேள்வியை நம் ஊர்ச் சட்டைக்கே கேட்டுப்பார்ப்போம். நம் சபைகளின் கோடை முகாம்களுக்குப் பனியன் துணிச் சட்டை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் திருப்பூரிலிருந்து. சாயக்கழிவு நொய்யலைக் கொன்ற கதையும், பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுக் குட்டையானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் யாவரும் அறிந்தவை. அதே 2011-இல் நெதர்லாந்தின் இரு தொண்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, 'சுமங்கலித் திட்டம்' என்னும் மங்கலப் பெயரில் மேற்கு மாவட்டங்களின் ஆலைகளில் நடந்ததை விரித்துரைத்தது. மூன்றாண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி ஏழைப் பெண்பிள்ளைகளை, பெரும்பாலும் தலித் குடும்பத்தாரை, அழைத்துச் சென்று விடுதிக்குள் அடைத்துவைத்தனர். இடையில் நின்றவர் பலருக்கு அத்தொகையும் இல்லை. எல்லா ஆலைகளும் இப்படியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறதே, அந்த அதிகாரத்தின் வசனத்தை எவரும் சட்டையில் அச்சிட்டு நாம் கண்டதில்லை. அச்சிட்டால் துணியே எழுத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்னும் அச்சமோ?

காப்புநாடாக்களை அகலமாக்கித் தொங்கல்களைப் பெரிதாக்கியோரை இயேசு கடிந்துகொண்டதை மத்தேயு 23-இல் காண்கிறோம். அவர் உடையிலும் தொங்கல் இருந்தது. நோயுற்ற பெண் தொட்டது அதன் ஓரத்தைத்தானே. ஆக, குற்றம் தொங்கலில் இல்லை, அதன் நீளத்தில் இருக்கிறது. முதுகு முழுதும் நிறைத்த ஆங்கில முழக்கங்களை எண்ணிப் பார்க்க.

தமிழில் அச்சிடுவோரை வாழ்த்தலாம் என்றால் அங்கே வேறொரு கொடுமை. 'கர்த்தர் என் மேய்பர்' என்று ஒற்றைக் கொன்று எழுதிய சட்டைகள் வீதியில் உலவுகின்றன. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். மொழியைக் கற்க அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுத்துப் பழகினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நம்மவர்க்கு நான்கு சொல்லைப் பிழைதிருத்த நேரமில்லை. தமிழ் கற்பிக்கும் தொழிலர் என்பதால் இதில் சற்றுக் கூடுதலாகவே கொதிக்கிறோம், பொறுத்தருள்க.

அடுத்த முகாமுக்குச் சட்டை ஆணையிடும் சபைச் செயலர், விலைப் பேரத்திற்கு முன் தைத்தது எந்த ஆலை, அங்கே கூலி எப்படி என்று கேட்கட்டும். விற்பவர் விழித்தால் வேறு கடை பார்க்கட்டும். செலவு கூடுமெனில் வாசகமே வேண்டா. கூட்டுறவுச் சங்கத்துக் கைத்தறித் துணி எடுத்து, தெருமுனைத் தையற்காரரிடம் சொல்லிப் பையின் மேல் சிறு சிலுவை ஒன்றை நூலால் இடச் செய்யலாம். பிளாஸ்டிக் மையில் அச்சிட்ட வசனம் துவைக்கத் துவைக்க வெடித்து உரியும். நூலில் தைத்தது உரிவதில்லை.