சுயவிவரத்தில் எழுதப்படாத வரி

கணினி அறிவியலில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் மாணவர்களின் சுயவிவரங்களைப் பார்த்திருப்பீர்கள். பெயர், கல்லூரி, மதிப்பெண் சராசரி, கேட் தேர்வு மதிப்பெண், ஆய்வுக் கட்டுரைகள், இன்டர்ன்ஷிப், தெரிந்த நிரல்மொழிகள், பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர்கள். எல்லாம் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அதில் சாதிக்கென்று ஒரு வரி கிடையாது. அதைக் காட்டித்தான், "இந்தத் துறையில் சாதி எங்கே இருக்கிறது? கோடிங் தெரிந்தால் போதும்" என்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை நாம் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம்.

இன்டர்ன்ஷிப் என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பெங்களூரில் சொந்தச் செலவில் தங்கி, சம்பளம் வாங்காமல் வேலை பார்க்க யாரால் முடியும்? விடுமுறை நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய் அடுத்த பருவத்தின் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவரால் முடியாது. அவர் பார்த்த வேலைக்குச் சுயவிவரத்தில் தலைப்பே இல்லை. வீட்டுக் கடனுக்காக ஓராண்டு வேலைக்குப் போயிருந்தால் அது 'இடைவெளி' ஆகிவிடுகிறது. நேர்காணலில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதை வீட்டிலேயே சொல்லித்தர ஒருவர் இருப்பவரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவரும் ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள். பத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் கட்டணமும் ஜி.ஆர்.ஈ., டோஃபல் தேர்வுக் கட்டணமும் சேர்ந்தால், ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானம். இந்த வரிகள் திறமையைக் காட்டுகின்றன என்பது உண்மைதான். கூடவே தலைமுறைகளாகச் சேர்ந்த வசதியையும் காட்டுகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் இடமில்லை.

சரி, இரண்டு பேரின் சுயவிவரமும் ஒரே தரத்தில் இருந்தால்? 2007ஆம் ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரில் மட்டும்தான் வேறுபாடு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. சாதிக்கென்று தனி வரி தேவைப்படவில்லை. முதல் வரியில் இருந்த பெயரே போதுமானதாக இருந்தது.

பெயரில் சாதி தெரியாவிட்டால் கேள்வியில் தேடுகிறார்கள். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நிறுவனங்களின் பணியமர்த்தும் மேலாளர்களிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டனர். தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பது முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் யார் படித்தவர்கள், எந்த ஊர்? சாதிப் பெயரைத் தமிழர்கள் பெயருக்குப் பின்னால் போடுவதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" என்ற இரண்டு கேள்விகளில் அதைத் தாண்டிவிடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

பல்கலைக்கழகங்கள் மட்டும் விலக்கா? ஜே.என்.யு.வில் 2016இல் அப்துல் நஃபே குழு, மாணவர்கள் எழுத்துத் தேர்வில் எடுத்த மதிப்பெண்களையும் நேர்முகத் தேர்வில் பெற்ற மதிப்பெண்களையும் ஒப்பிட்டது. பாகுபாட்டின் தடம் இருப்பதாகச் சொல்லி, நேர்முகத் தேர்வின் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறையோ நேர் எதிராக, எழுத்துத் தேர்வை வெறும் வடிகட்டியாக்கி, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையை முழுக்க நேர்முகத் தேர்வின் கையில் கொடுத்தது.

உள்ளே நுழைந்த பிறகும் சுயவிவரம் விடுவதில்லை. ஐ.ஐ.டி. விடுதிகளில் "உன் ரேங்க் என்ன?" என்பது சாதாரணக் கேள்வி போலத் தோன்றும். எந்தப் பட்டியலில் வந்தவர் என்று கண்டுபிடிக்கும் கேள்வி அது. 2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யின் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். சாதிப் பாகுபாடே காரணம் என்றது குடும்பம். நிறுவனம் அமைத்த குழு அதை ஏற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், சக மாணவரின் ஜே.இ.இ. ரேங்க்கையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று அதே ஐ.ஐ.டி. வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு கேள்வியைத் தடுக்க வழிகாட்டுதல் தேவைப்படுகிறது என்றால், அந்தக் கேள்வி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நிறுவனம் அறிந்தே இருக்கிறது.

கடல் தாண்டினால் தீருமா? 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்கு வந்தவர் என்பதை, அவரோடு அதே ஐ.ஐ.டி.யில் படித்த மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பதும், புகார் கொடுத்த பின் அவர் ஒதுக்கப்பட்டார் என்பதும் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023இல் இரண்டு மேலதிகாரிகள் மீதான வழக்கை அரசுத் துறை திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஐ.ஐ.டி. என்ற வரி ஒருவருக்கு மகுடமாக இருக்கிறதோ, அதே வரி இன்னொருவரை அடையாளம் காட்டும் கருவியாகவும் ஆக முடிகிறது.

இங்கேதான் நம் மாணவர்களின் உண்மையான சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, விண்ணப்பத்தோடு உங்கள் வாழ்க்கைப் பின்னணியையும் எழுதச் சொல்கின்றன. தடைகளைத் தாண்டி வந்ததை எழுதினால் மதிப்பு உண்டு. ஆனால் எழுதினால், நாளை அதே ஆய்வகத்தில் உட்காரப் போகும் இந்திய சீனியருக்கும் பேராசிரியருக்கும் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது. எழுதாவிட்டால், தன் உழைப்பின் பாதியைத் தானே அழித்துக்கொள்ள வேண்டும். ஆதிக்கச் சாதி மாணவருக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் இல்லை. அவர் தன் சாதியை எழுதாதது, எழுதத் தேவையில்லாததால். இவர் எழுதாதது, எழுதினால் நேரும் விலையால். வெற்றிடம் ஒன்றுதான், இருவருக்கும் அதன் பொருள் வேறு.

கல்வித் தகுதி வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்பவர்களுக்கு அண்ணலின் வாழ்க்கை போதாதா? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசின் பணிக்குச் சென்றவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது.

திறமை என்பது எப்படித் தயாராகிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் நூலாகவே எழுதியிருக்கிறார். நாம் அதை நடைமுறையிலும் பார்த்தவர்கள். 2007இல் தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010இல் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வந்தது. 2011 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. தரம் செத்துவிடும் என்று அலறினார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். கதவு திறந்தபோது திறமையும் வந்தது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. விண்ணப்பங்களின் முதல் கட்டப் பரிசீலனையில் பெயரும் ஊரும் மறைக்கப்பட வேண்டும். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கான மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு வேண்டும். நிறுவனங்களின் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதி என்ற சொல் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022லும் சியாட்டில் நகரம் 2023லும் செய்ததை, சாதியின் தாயகத்தில் இயங்கும் நிறுவனங்கள் செய்ய என்ன தடை? 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐ.ஐ.டி.களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீடு முழுமையாக நிறைவேற வேண்டும். விலக்குக் கேட்கும் வேலை இனி கூடாது. தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும்.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். உங்கள் பின்னணியை எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எழுதாமல் விடுவதில் கோழைத்தனம் இல்லை. எழுதுவதில் பிச்சையும் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் கதவைத் தாண்டியவர் என்ற முறையில், பின்னால் வரும் ஒருவரின் விண்ணப்பத்தை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுங்கள். யாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே கிடைப்பதை நாம் இயக்கமாகத்தான் கொடுத்துக்கொள்ள முடியும்.

ஆதிக்கச் சாதியில் பிறந்த முற்போக்குத் தோழர்கள், தங்கள் சுயவிவரத்தை இன்றிரவு எடுத்துப் படிக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், யார் வழி சொன்னார்கள் என்று எழுதிப் பார்க்கட்டும். 'என் சொந்தத் திறமை' என்று அடுத்த முறை சொல்வதற்கு முன் அது உதவும்.